பிள்ளைகளுக்கு ஆகாது

இன்று காலை ராஜமணி அண்ணனின் ரப்பர் கடைக்குள் நுழைந்ததும் அந்த வாசம் வந்து முகத்தில் அடித்தது. புகைப்புரையில் தொங்கி உலர்ந்து வந்த ரப்பர் ஷீட்டின் வாசம். பாதி புளிப்பு, பாதி கரி. உனக்குப் பிடிக்கும், எனக்குக் குமட்டும். "மூக்கப் பொத்தாத ஏட்டி, நம்மளுக்குச் சோறு போடுத மணமாக்கும் இது" என்று என் கையைத் தட்டிவிடுவாய். இன்று தட்டிவிட ஆள் இல்லை. துப்பட்டாவால் நன்றாகப் பொத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நானாகவே கையை எடுத்துவிட்டேன்.

வெளியே விடாத மழை. கீரிப்பாறைக்குப் போகிற எஸ்டேட் பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. ஷீட் கொண்டு வந்தவர்கள் கட்டுகளைத் தார்ப்பாயில் பொதிந்து வாசலில் அடுக்கியிருந்தார்கள். கடையில் எதுவும் மாறவில்லை. கம்ப்யூட்டர் மேல் அதே மஞ்சள் துணி, பக்கத்தில் அதே பெரிய மேடைத் தராசு. தராசில் எண் காட்டுகிற முகப்பு எப்போதோ கெட்டுப்போய்விட்டதால் எடையைக் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்க்கிறார்கள். தராசிலிருந்து எண்ணை வாங்கித் திரையில் கொண்டுவந்து காட்டுவது இன்றைக்கும் நீ எழுதியதுதான்.

நான் வந்தது அதை எடுத்துவிடுவதற்கு.

உனக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். நான் இப்போது திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். நீ போன பிறகு நாம் இரண்டு பேரும் நடத்திய மார்த்தாண்டம் ஆபீசை ஒற்றையாக இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சண்டை போட ஆளில்லாத ஆபீசில் ஒருத்தி எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பாள்? நம் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தக் கம்பெனியின் மென்பொருளுக்கு மாறினார்கள். கடைசியில் நானும் மாறினேன். ராஜமணி அண்ணன் மட்டும் "ஓடுகது ஓடட்டும்" என்று பிடிவாதமாக இருந்தார். இப்போது அவருடைய கம்ப்யூட்டரே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவரும் சம்மதித்துவிட்டார்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது மட்டுமென்றால் எனக்கு இத்தனை வேதனை இல்லை. தராசிலிருந்து எண்ணை வாங்குகிற உன்னுடைய எடை உருப்படி கம்பெனிக்கு வேண்டுமாம். பழைய தராசுகளோடு பேசத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து அனுப்பினால், தங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வைத்துவிடுவார்கள். மளிகை, முந்திரி, மீன், ஆஸ்பத்திரி, எல்லோருக்கும். மாதிரிக்கு அதன் மேல்பகுதியை மட்டும் ஒரு தடவை அனுப்பிப் பார்த்தேன். தலைப்பில் இருக்கும் இரண்டு வரியைச் சுட்டிக்காட்டி, தேவையில்லாத குறிப்பு, நீக்கவும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீ எழுதிய இரண்டு வரி அது.

"பிறந்த இடம்: கீரிப்பாறை ரோட்டு ரப்பர் கடை.
பிள்ளைகளுக்கு ஆகாது."

இந்த இரண்டு வரி இல்லாமல் அதை எங்கேயும் விடமாட்டேன் என்று உனக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேலையும் வேண்டும், வாக்கும் வேண்டும். மஞ்சள் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

'உருப்படி' என்ற சொல்லை நீ கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? குடைக்கடைக்கு மேலே அந்த ஒற்றை அறையை எடுத்த புதிது. உன் அண்ணன் கல்ஃபிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு கம்ப்யூட்டர், என் நகையை வைத்து வாங்கிய இன்னொன்று. இரண்டு பெண்கள் சேர்ந்து கடைகளுக்கு பில் போடுகிற மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள் என்றால் அன்றைக்கு ஊரில் சிரித்தார்கள். ஜவுளிக் கடை, மருந்துக் கடை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றுக்கும் நான் அடியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடிப்பதற்குள் அடுத்த கடைக்காரர் வந்து மாடிப்படியில் நின்று இருமுவார்.

உனக்கு அது பொறுக்கவில்லை. எல்லாக் கடையிலும் ஆள் பெயர் இருக்கிறது, வரி இருக்கிறது, சரக்கு இருக்கிறது, எடை இருக்கிறது, கடைசியில் ஒரு காகிதம் அச்சாகி வெளியே வருகிறது. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் செய்து வைத்துக்கொண்டால் போதும், எந்தக் கடைக்கும் எடுத்துப் பொருத்திவிடலாம் என்றாய். கல்லூரியில் காம்போனென்ட் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஆனால் உன் வாயில் அது உருப்படி ஆகிவிட்டது. மத்தியானம் மெஸ்ஸில் மரச்சீனிக் கிழங்கை மீன்கறியில் குழைத்துக்கொண்டே எனக்கு விளக்கினாய்.

"அரைப்பு ஒண்ணு நல்லோல அரைச்சு வச்சா போதும் ஏட்டி. மீன் போட்டா மீன்கறி, மொச்சை போட்டா மொச்சைக்கறி. நீ என்னடான்னா கறிக்குக் கறி அம்மியில போய் உக்காருக."

நான் விடவில்லை. "மொச்சைக்கும் மீனுக்கும் ஒரே அரைப்பு போடுத வீட்டுல நான் சாப்பிடமாட்டேன்" என்றேன். நீ என் தட்டிலிருந்த மீனை எடுத்து உன் தட்டில் வைத்துக்கொண்டாய். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

நீ சொன்னது சரியாகத்தான் வந்தது. பெயர் உருப்படியில் வீட்டுப்பெயருக்குத் தனியாக ஒரு கட்டம் வைத்தாய். ஒரே தெருவில் நாலு ராஜன் இருக்கிற நம் ஊரில் அந்த ஒரு கட்டத்துக்காகவே கடைக்காரர்கள் உன்னைக் கும்பிட்டார்கள். ஜவுளிக்கடைக்குச் செய்தது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்துக்குச் செய்தது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தது. வாரக்கணக்கில் இழுத்த வேலையை நீ ஒரு காலைப் பொழுதில் முடித்துவிட்டு வந்து மேசை மேல் காலை நீட்டிக்கொள்வாய். அந்த நாட்களில் உன்னிடம் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு பொருளைச் செய்து, அது நாம் பார்க்காத இடத்திலும் நன்றாக வேலை செய்கிறது என்று கேள்விப்படுகிறவர்களுக்கு வருகிற சந்தோஷம். எனக்கு அது வந்ததில்லை. உன்னைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது என்று இப்போது சொல்வதில் ஒன்றுமில்லை.

எடை உருப்படி பிறந்தது இந்தக் கடையில். அப்போது எடை போடுகிற வாடிக்கையாளர்கள் என்று நமக்கு இருந்தவர்கள் எல்லோரும் ரப்பர் வாங்குகிறவர்கள். மழைக்காலத்து ஷீட்டில் ஈரம் இருக்கும். வாங்குகிறவர் அதற்காகக் கிலோவுக்குக் கொஞ்சம் கழிப்பார். கொண்டு வருகிறவருக்கும் தெரியும். வழக்கமாகிப்போனதால் யாரும் அதை வாயால் சொல்வதுகூட இல்லை. உன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், என் வீட்டுக்குப் பின்னால் புகைப்புரை உண்டு. நம் இரண்டு பேருக்கும் எடை என்றாலே ஈரம் கழித்த எடைதான். ராஜமணி அண்ணன் "அந்த ஈரக்கழிவ உள்ளயே போட்டிருங்க மக்ளே, ஓரோ தடவையும் என்னால தட்டிட்டு இருக்க முடியாது" என்றார். நீயும் போட்டாய். திரையில் ஒரு கட்டமாக வைக்காமல் உருப்படியின் வயிற்றுக்குள் வைத்துவிட்டாய். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ரப்பர் கடைகளில் அது வருஷக்கணக்கில் ஒரு புகாரும் இல்லாமல் ஓடியது.

பிறகு புதுக்கடை ஊரில் பிள்ளைகளுக்கான அந்தச் சின்ன ஆஸ்பத்திரி வந்தது. டாக்டருக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். பிள்ளையைத் தராசில் கிடத்தினால் எடை நேராகத் திரைக்கு வந்து, அட்டையில் அச்சாகி, தாயின் கைக்குப் போக வேண்டும். நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னாய்: "எடைதானே ஏட்டி. நம்மகிட்ட உருப்படி இருக்குல்லா. பொருத்திட்டு மத்தியானச் சோத்துக்கு ஆபீசுக்கு வந்திருவேன்."

சொன்னபடி வந்தும்விட்டாய், கையில் பழம்பொரிப் பொட்டலத்தோடு. உன் கைப்பையைத் தராசில் வைத்துப் பார்த்தாயாம், திரையில் எண் வந்ததாம், அட்டையில் அழகாக அச்சானதாம். நர்ஸ் கைதட்டினாளாம். கைப்பை என்ன எடை என்று யாருக்குத் தெரியும்? எண் வந்தது, போதும். நம் ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று உன்னிடம் பிறகு பல தடவை சொன்னேன். நீ ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

சில வாரங்கள் கழித்து டாக்டர் போன் செய்தார். நாம் இரண்டு பேரும் ஆபீசில் இருந்தோம். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தாய். "மேடம், ஒரு தமாஷ் கேளுங்க" என்று ஆரம்பித்தார் அவர். "ஒங்க கம்ப்யூட்டர் வந்த பெறகு எனக்க ஆஸ்பத்திரிக்கு வாற பிள்ளையெல்லாம் மெலிஞ்சு போச்சு. பழைய அட்டையப் பாத்தா ஒண்ணுகூட எடை ஏறல்ல. தராசு ஏதும் சீக்காயிருக்குமோ?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். நீ டம்ளரைக் கீழே வைத்தாய். உன் முகம் அப்படி வெளிறிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஈரம்" என்றாய். டாக்டருக்கா எனக்கா என்று தெரியவில்லை. "ஈரம், ஏட்டி. பிள்ளையளுக்கும் ஈரத்தக் கழிச்சுட்டு இருக்கு."

மழையில் ஸ்கூட்டரை நீதான் ஓட்டினாய். நான் பின்னால் உட்கார்ந்து குடையைப் பிடிக்க, குடை மடங்கிப்போக, தொப்பலாக நனைந்துகொண்டு புதுக்கடை போய்ச் சேர்ந்தோம். சரிசெய்வதற்கு ஒரு சாயா குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு வரியை எடுத்தாய். டாக்டர் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கிலோவுக்குக் கொஞ்சம் கிராம்தானே என்று ஆறுதல்கூடச் சொன்னார். ஆனால் கைக்குழந்தைக்கு அந்தக் கொஞ்சம் கிராம்தான் ஒரு வாரத்து வளர்ச்சி. எல்லாப் பிள்ளைகளையும் திரும்ப வரச் சொல்லி எடை போட்டார்கள். எல்லாம் சுகமாகத்தான் இருந்தன.

ஒரே ஒரு தாய் மட்டும் வரவில்லை. அஜிதா என்று பெயர். முதல் பிள்ளை, மாப்பிள்ளை வளைகுடாவில். முந்தைய வாரம் நர்ஸ் கையால் எழுதிய எடையையும், புதிதாக அச்சான எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பால் பத்தவில்லை போலிருக்கிறது, பவுடர் பால் கொடுத்துப் பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பவுடர் பால் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே அவள் வரவில்லை.

போன் போட்டுச் சொன்னால் போதும் என்றார் டாக்டர். நானும் அதைத்தான் சொன்னேன். "இத போன்ல சொல்லப்பிடாது" என்று சொல்லிவிட்டு நீ ஸ்கூட்டரைத் திருப்பினாய்.

அந்த வீட்டை நான் மறக்கவில்லை. முன்னறையில் துணித் தொட்டில், அலமாரியில் பவுடர் டின், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மாமியார். அஜிதா மடியில் பிள்ளையை வைத்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். நாம் யாரென்று மாமியார் கேட்டார். நீ நின்றபடியே சொன்னாய்.

"ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வச்சது நாங்கதாம்மா. அதுல ஒரு தப்பு வந்துட்டு. பிள்ளைக்க எடையக் கொறச்சுக் காட்டிப்போட்டு."

"மிஷினும் தப்புச் செய்யுமா?" என்றார் மாமியார்.

"மிஷினு செய்யல்லம்மா. நான் செய்தேன்."

அஜிதா பாட்டிலைப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தாள்.

"அப்போ எனக்க பால் போதுமாயிருந்துதா அக்கா?"

நீ அவள் பக்கம் குனிந்து சொன்னாய். "போதும் மக்கா. நெறைய இருந்து."

"இப்போ வத்திப்போச்சே" என்றாள். கோபமே இல்லை. மழை விட்டுப்போச்சே என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பாட்டிலைத் திரும்ப எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

மாமியார் நம்மை உட்காரச் சொன்னார், சாயா போடட்டுமா என்று கேட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் உனக்கு நல்லதாக இருந்திருக்கும். பிள்ளை பெற்ற எனக்கே அந்தப் பெண் கேட்டதன் கனம் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது. பெறாத உனக்கு அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது. திரும்பும் வழியில் ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். நீ என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாய்.

"மீன் சட்டியில பிள்ளைக்குப் பால் காய்ச்சிட்டேன், ஏட்டி."

அதற்குப் பிறகு நீ உருப்படிகளைத் தொடவில்லை. எந்தக் கடை வந்தாலும் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதினாய். பெயருக்குப் புதிதாக, வரிக்குப் புதிதாக. என்னைக் கேலி செய்தவள் என்னைவிட மோசமாக அம்மியில் போய் உட்கார்ந்தாய். ஒரு காலையில் முடிக்கிற வேலை மாதக்கணக்கில் இழுத்தது. மாடிப்படியில் நின்று இருமிய கடைக்காரர்கள் இருமலோடு இறங்கிப் போனார்கள். நான் கத்தினேன். "ஒரு தப்புக்கு ஒக்கத்தையும் தூக்கிப் போடணுமா? நீ ஒருத்திதான் ஒலகத்துல தப்புச் செய்தியா?" என்று கேட்டேன்.

"தப்பு செய்தது பெருசில்ல" என்றாய். "நான் அந்த வரிய எழுதும்போ அது தப்பே இல்ல, கேட்டியா. சரியாத்தான் எழுதினேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நம்ம உருப்படிக்க உள்ள இன்னும் என்னல்லாம் சரியா வச்சிருக்கோம்னு நமக்கே தெரியாதுல்லா."

எனக்குக் கோபம் மட்டும் இருந்தது. உன் மேலா, அந்தப் பெண் மேலா, ராஜமணி அண்ணன் மேலா என்று தெரியாத கோபம். பத்து நாளைக்கு உன்னோடு பேசாமல் இருந்தேன். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருப்பதற்கு எத்தனை தெம்பு வேண்டும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

பிறகு ஒருநாள் காலையில் நீயாகவே பழைய உருப்படிகளைத் திறந்தாய். ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு வரி எழுத ஆரம்பித்தாய். முதல் வரியில் பிறந்த இடம், இரண்டாம் வரியில் யாருக்கு ஆகாது என்பது. பெயர் உருப்படியில் "வீட்டுப்பெயர் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஆகாது" என்று எழுதினாய். வரி உருப்படியில் "அடுத்த வருஷத்துக்கு ஆகாது" என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அதுதான் நாம் பேச ஆரம்பித்த நாள். ரப்பர் கடைகளுக்கு வெளியே யாருக்காவது எடை வேண்டுமென்றால் புதிதாக எழுதித்தான் கொடுத்தாய். பழையது ரப்பர் கடைகளிலேயே இருந்தது, அந்த இரண்டு வரியோடு.

வேலை திரும்ப ஓட ஆரம்பித்தது. மேசை மேல் காலை நீட்டிக்கொண்டு சிரித்த அந்தப் பெண் மட்டும் திரும்பி வரவில்லை. புதுக்கடை ஆஸ்பத்திரிக்கு எந்த வேலையாகப் போனாலும், புறப்படும்போது டாக்டரிடம் "அந்த அஜிதாக்க பிள்ளை எப்பிடி சார் இருக்கு?" என்று கேட்பாய். "குண்டா இருக்கு மேடம், ஓடித் திரியுது" என்பார். அன்றைக்கு ஒருநாள் நீ கொஞ்சம் லேசாக இருப்பாய். மறுநாள் பழையபடி ஆகிவிடுவாய்.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நான் முதலில் ஓடியது மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்கு. மண்டையப்பம் நேர்ந்துகொண்டு, அதைக் கொண்டுவந்து உன் கட்டில் பக்கத்தில் வைத்தேன். தலைவலிக்கு நேர்கிற அப்பம் அது, எனக்கும் தெரியும். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எனக்குத் தலவலி இல்ல ஏட்டி, வயித்துலயாக்கும்" என்றாய். பிறகு உன் சபைக்காரர்கள் ஜெபிக்க வந்தபோது அந்த அப்பத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டாய். அவர்கள் போனதும் பிய்த்துத் தின்றாய்.

திருவனந்தபுரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பார்கள். எடைக்குத் தக்கபடிதான் மருந்து. நான் உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு தடவையும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நர்ஸ் எழுதுவதற்கு முன்னால் நீ கழுத்தை நீட்டித் திரையைப் பார்ப்பாய். ஒருநாள் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"பாத்தியா ஏட்டி, எனக்கும் ஈரம் கழிச்சிட்டானுவ."

நான் சிரித்தேன். அந்த நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள். உன்னைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லி மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதேன். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்து உனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அன்றைக்கே சொன்னாய்.

"நான் போன பெறகு எல்லாத்தையும் யாருக்கு வேணும்னாலும் குடு. எடைய மட்டும் சும்மா விட்டிராத. அந்த ரெண்டு வரி இல்லாம அது எங்கயும் போகப்பிடாது. வேற எந்த தள்ளையும் வந்து எனக்க பால் போதுமாயிருந்துதான்னு கேக்கப்பிடாது."

கொடுத்தேன் வாக்கு. உன் கை சூடாக இருந்தது. குழியில் உன்னை இறக்கும்போது உன் அண்ணன் "பெட்டி என்னமா லேசா இருக்கு" என்று அழுதார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு ராஜமணி அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்தபோது கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவன் போன் செய்தான். நல்ல பையன், என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"சேச்சி, அந்த மேல உள்ள ரெண்டு லைன் எடுத்திட்டு அனுப்பினா போதும். மத்ததெல்லாம் நல்லாருக்கு."

"அது இருக்கட்டும் தம்பி."

"ரிவ்யூவில திருப்பி விடுவாங்க சேச்சி." சிரித்தான். "ரப்பர் கடைக்கு உள்ளத எடுத்து யாரு பிள்ளைய எடை போடப் போறாங்க?"

"போட்டிருக்கோம்" என்றேன்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு, "நான் கேட்டுப் பாக்கறேன் சேச்சி. நிக்குமான்னு தெரியல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தான். நிற்காது என்று எனக்கு அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. அவன் விட்டாலும் அடுத்து வருகிறவன் அழிப்பான். வேலையை உதறிவிட்டுப் போனாலும், வேறொருத்தியை அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு அஜிதா யாரென்று தெரியாது.

வரி நிற்காதென்றால் அந்தக் கழிவு நிற்கக்கூடாது. வயிற்றுக்குள் நீ வைத்த அந்த ஒரு வரியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். தராசு சொல்வதை அப்படியே திரையில் சொல்கிற வெறும் உருப்படியாக அது போகட்டும். ஈரம் கழிக்க வேண்டுமென்றால் கழிக்கிறவர் எல்லோரும் பார்க்கத் திரையில் எண்ணைத் தட்டிக் கழிக்கட்டும். ராஜமணி அண்ணனிடம் சொன்னேன். "அப்போ ஓரோ தடவையும் நான்தான் தட்டணுமா?" என்று முனகினார். "நீங்கதான் அண்ணே. பாத்துத் தட்டணும்" என்றேன். செரி என்றார்.

சரியான முடிவுதான், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உன் கை எழுதியதில் இந்த மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதை வெட்டப் போகிறவள் நான். கீபோர்டில் கையை வைத்துவிட்டு எடுத்தேன். எழுந்து போய், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடைத் தராசில் ஏறி நின்றேன்.

"என்ன மக்ளே, ஷீட்டோட சேத்து வெலைக்குப் போறியளா?" என்று சிரித்தார் அண்ணன்.

திரையில் என் எடை வந்தது. ஈரம் கழித்து, நீ காட்டிய எடை. அதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இறங்கி வந்து உட்கார்ந்து, அந்த வரியை வெட்டினேன். தலைப்பில் இருந்த இரண்டு வரியை வெட்டவில்லை. அழிப்பவர்கள் படித்துவிட்டாவது அழிக்கட்டும். சேமித்துவிட்டு மறுபடி போய் ஏறினேன்.

எடை கொஞ்சம் கூடியிருந்தது.

"இதென்ன, அதுக்குள்ள கூடிப்போச்சே?" என்றார் அண்ணன், திரையைக் குனிந்து பார்த்து.

இத்தனை வருஷமாக நீ கழித்துக்கொண்டிருந்தது அது. இனி நான் சுமந்துகொள்கிறேன்.